சேதாரம்

செவ்வாய்ப்பேட்டையில் மாடி வீடு.
கீழே கொலுசுக் கடை, மேலே புது முழங்கால்.
ஆபரேஷன் முடிந்து பதினொன்றாம் நாள்
எழுபது டிகிரிதான் மடங்குகிறது.
தொண்ணூறு வந்தால் படி இறங்கலாம்.
நூற்றுப்பத்து வந்தால்
கல்லா நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழலாம்.

வலிக்கும்போது அர்த்தநாரி ஐயா
கத்துவதில்லை, யாரையும் திட்டுவதில்லை.
விலை பேசுகிறார்.
"நாப்பது எண்ணணும்னியே,
முப்பதோட விட்டுரேன் கண்ணு."
முப்பத்தொண்ணு, என்கிறேன்.
முப்பத்திரண்டு.

நேற்று எண்ணி முடித்ததும் பேச்சு என் பக்கம் திரும்பியது.
"ஒரு நடைக்கு எழுநூறு சொல்றே.
இன்னும் பத்து நடை வரப்போறே.
மொத்தமா எடுத்தா குறைக்கறது வழக்கந்தானே?
ஐந்நூறு போட்டுக்க."
மருமகள் ஒரு பை குண்டு மாம்பழம் கொண்டுவந்து வைத்தாள்.
மீதி இருநூறு அதற்குள் இருக்கிறதாம்.
"அரை மணி நேரம் காலைப் பிடிச்சு விடறதுதானே"
என்றும் யாரோ சொன்னார்கள்,
சமையலறைப் பக்கமிருந்து.

பிடித்துவிடுவது.
நாலரை வருஷம்.
ஈரத்துணி காயாத ஹாஸ்டல் அறையில்
என் கால்மேலேயே பேனாவால் தசைகளை வரைந்து
படித்த பெயர்கள்.
எந்த வலியில் நிறுத்தணும்
எந்த வலியைத் தாண்டணும் என்று
விரலுக்குத் தெரிய இன்னும் ஆறு வருஷம்.

கீழே கண்ணாடிப் பெட்டிக்குள் தராசு.
மின்விசிறிக் காற்றுப் பட்டாலும் எண் மாறுமென்று
சின்னக் கதவு போட்டு மூடிய தராசு.
மகன் யாரிடமோ சொல்வது மாடிக்குக் கேட்டது:
"வெள்ளி இன்னிக்கு ரேட்டுங்க.
செய்கூலி தனி, சேதாரம் தனி."

ஐயா, என் ரசீதில் சேதாரம் என்று ஒரு வரி கிடையாது.
வலது கட்டைவிரல் மூட்டு தேய்வது,
ஐந்து ரோட்டில் வெயிலில் நின்ற சிக்னல்,
இன்னொருவர் வீட்டு வலியை
என் வீட்டுச் சோற்றுக்குத் தூக்கிப்போவது,
எல்லாவற்றையும் எழுநூறுக்குள்ளேயே உருக்கி ஊற்றியிருக்கிறேன்.

இப்படிச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.
சொல்லவில்லை.
இந்த வாக்கியமெல்லாம் மேம்பாலம் ஏறும்போது வந்தது.
அங்கே சொன்னது ஒன்றுதான்:
"எழுநூறுதாங்க."
பிறகு மின்விசிறி மட்டும் பேசியது.

போன வருஷம் சூரமங்கலத்தில் ஒரு தோள்பட்டைக்கு
நானூறுக்கு ஒத்துக்கொண்டேன்.
மூன்றாம் நாள் இருபத்தாறில் என் எண்ணிக்கை நின்றது.
கண் தானாகக் கடிகாரத்துக்குப் போனது.
குறைத்தது காசை மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

கிச்சிப்பாளையத்தில்
லோடு இறக்குபவர் மகன் பிரகதீஷுக்கு
ஞாயிறுதோறும் போகிறேன்.
அவர்கள் தருவது டீ.
அது தள்ளுபடி இல்லை, நான் கொடுப்பது.
அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் என் பக்கம் இருக்கிறது.

அன்றே திரும்பும் வழியில் உழவர் சந்தை.
கீரைக் கட்டு இருபது.
"ரெண்டும் சேர்த்து முப்ப..."
வாயைப் பாதியில் மூடினேன்.
"என்னா கேட்ட?" என்றார் கீரைக்காரம்மா.
ஒண்ணுமில்லைங்க.
நாற்பதை எண்ணிக் கொடுத்தேன்,
காது சுட.

மாம்பழப் பையை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.
அந்த வாசனைக்காக மட்டும் கொஞ்சம் வருத்தம்.

மூன்று நாளாக அழைப்பு இல்லை.
அஸ்தம்பட்டியில் ஒரு பையன்
ஐந்நூறுக்கு வருகிறான் என்று கேள்வி.
வண்டித் தவணை பத்தாம் தேதி.
ஆனால் ராத்திரியில் நினைவுக்கு வருவது
அந்த முழங்கால்.
விட்டால் இறுகும்,
இறுகினால் மறுபடி முதலிலிருந்து.
போனை எடுக்கிறேன். வைக்கிறேன்.

நோட்டில் என் கையெழுத்து:
அர்த்தநாரி, 66, வலது.
எழுபத்துநாலு டிகிரி.
அடுத்த வரியில் தேதி போட இடம் விட்டிருக்கிறேன்.
பக்கத்தின் தலையில், முதல் நாளே எழுதியது,
இந்துராணி, பிசியோதெரபிஸ்ட்,
ஒரு வருகைக்கு எழுநூறு.
அதன்மேல் கோடு எதுவும் இல்லை.